ஓட்டில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் பக்கத்தில் ஆமைக்கு இரண்டு ஜாதகம். கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும்வரை அது லட்சுமி. வாஸ்து பார்க்க வருகிறவர் வடக்கு மூலையில் வைக்கச் சொல்வார், வாங்கி வைப்பார்கள். வியாபாரம் படுத்துவிட்டாலோ, வீட்டில் யாராவது படுத்துவிட்டாலோ அதே ஆமை மூதேவி. அப்போது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கட்டைப்பை வந்து சேரும். பைக்குள் வாளி, வாளிக்குள் ஆமை. கொண்டுவந்தவருக்குச் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம்.

வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்து பேண்டேஜ் துணி ஷெட் இருக்கிறது. துணி வெளுக்கக் கட்டிய சிமெண்டுத் தொட்டிகள் தொழில் நின்றபின் சும்மா கிடந்தன. மாதக்கணக்கில் தண்ணீரை நிரப்பித் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் வாடை போன பிறகுதான் முதல் ஆமையை இறக்கினேன். இப்போது பெரிய தொட்டியில் மட்டும் இருபத்தாறு. எல்லாம் ஒரே ஜாதி, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட வெளிநாட்டு ஆமை. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும், பத்து வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். விற்கிறவன் அதைச் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. கூமாப்பட்டிப் பக்கம் கிணறு தூர் வாரும்போது கிடைக்கும் நம் ஊர் ஆமைகளுக்கு வனத்துறைக்குத்தான் போன் போடுவேன். அவற்றை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது.

இதை நான் ஒருத்தியாகச் செய்யவில்லை. எதிர்வீட்டுக்காரி மில்லில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது காய்கறிக் கடையில் கழித்துப்போட்ட கீரையை அள்ளிக்கொண்டு வருவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் பூக்கட்டும் அக்கா ஒருத்தர்தான் எங்கள் கிளை அலுவலகம். குளத்தில் விட்டால் புண்ணியம் என்று வாளியோடு வருகிறவர்களை அவர் அங்கேயே மடக்கி, "குளத்து மீனையெல்லாம் தின்னு தீத்துப்புடும், அம்புட்டுப் பாவமும் ஒங்களுக்குத்தான்" என்று பயமுறுத்தி எங்கள் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்.

அப்படித்தான் அந்தப் பெரியவரும் வந்தார். தளவாய்புரத்துக்காரர், எழுபது வயதிருக்கும். மகன் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறானாம். புது வீட்டுக்குள் ஆமை வரக்கூடாதாம். முன்பு தொழில் விருத்தியாகட்டும் என்று வாங்கி வந்ததும் அதே மகன்தானாம். எனக்கு அப்போதே சுர்ரென்று ஏறிவிட்டது.

வாளியிலிருந்து ஆமையைத் தூக்கினேன். முதுகின் நடுவில் ரத்தச் சிவப்பாக ஒரு வட்டம், நெயில் பாலிஷ். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல முறை வைத்து மேடு தட்டியிருந்தது.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள், நாமம், கட்சிக்கொடிக் கலர் என்று ஓட்டில் எது இருந்தாலும் சுரண்டி எடுத்த பிறகுதான் தொட்டிக்குள் விடுவேன். கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே செய்வேன், அவருக்கும் உறைக்கட்டும் என்று. அன்றும் ஐஸ் குச்சியையும் பழைய டூத்பிரஷ்ஷையும் எடுத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தேன். "ஓடுங்கறது அதுக்கு எலும்புங்க. அதுல வெயில் படணும். இப்படிப் பெயிண்டைப் பூசி வச்சா எப்படி? ஒங்க முதுகுல யாராவது பூசுனா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சுரண்டினேன். அவர் சிவப்புத் துணுக்குகள் உதிர்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமையைத் தண்ணீரில் விட்டதும் காலி வாளியை எடுத்துக்கொண்டு போனார். நல்ல பாடம் படித்துக்கொண்டு போகிறார் என்று எனக்குள் ஒரு திருப்தி.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை வாளி இல்லை. சட்டைப் பையில் கையை வைத்தபடி பேசினார்.

"தாயி, கோவிச்சுக்கப்பிடாது. அன்னைக்கு நீங்க சுரண்டுனது எம் பொஞ்சாதி வச்ச பொட்டு. குங்குமம் தண்ணியில கரஞ்சிருதுன்னு அவதான் நெயில் பாலிஷ்ல வைப்பா, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை. நைட்டி தைக்க மிஷின்ல ஒக்காருததுக்கு முன்னால அதான் மொத வேலை. நான் வாரதுக்குப் பத்து நாளைக்கு முன்னால எறந்துட்டா. கடைசியா வச்சதும் ஒரு வெள்ளிக்கெழமைதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லங்க" என்றேன்.

"நீங்க பேசுன வேகத்துல எனக்கு எங்க வாய் வரும்?" என்றார். குரலில் குத்தல் இல்லை. பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார். "மிஷின் டிராயர்ல கெடந்துச்சு. ஒரே ஒரு பொட்டு வச்சிட்டுப் போயிருதேன். அதுக்கப்பொறவு கேக்க மாட்டேன்."

வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது, வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஆனால் எந்த ஆமைக்கு? என் கையாலேயே அடையாளத்தை அழித்துவிட்டு இருபத்தைந்தோடு சேர்த்துவிட்டிருந்தேன். ஆள் நிழலைக் கண்டதும் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு தீனிக்கு வந்துவிட்டன. அவை எவர் வந்தாலும் அப்படித்தான் வரும்.

அப்போது ஒரு பொய் சொன்னேன். முன்னால் வந்த ஒன்றைத் தூக்கி, "இதுதாங்க ஒங்களது" என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இது இல்ல தாயி. அது குட்டியா இருக்கும்போது அவ துணி வெட்டுற கத்தரி நழுவி அது மேல விழுந்துட்டுது. எடது பக்கம் ஓட்டு ஓரத்துல ஒரு சில்லு பேந்திருக்கும். அன்னைக்கு அவ சாப்பிடவே இல்ல."

இத்தனை வருஷத்தில் அப்படி வெட்கப்பட்டதில்லை. நேராகப் போய்த் தொட்டியின் வால்வைத் திறந்தேன். தண்ணீர் தென்னைமரத்துப் பாத்திக்கு ஓடியது. ஷிஃப்ட் முடிந்து வந்த எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, இன்னைக்குக் கழுவுற மொறை இல்லையே?" என்று கேட்டவள், விஷயத்தைச் சொன்னதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். தொட்டி வற்ற இரண்டு மணி நேரம் ஆனது. பாசியில் வழுக்கி வழுக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தோம். அவர் வாங்கி, இடது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வாளிகளில் விட்டார். பதினேழு, பதினெட்டு. இல்லாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் இரண்டு செத்திருந்தன. அதில் ஒன்றாக இருந்தால் அவரிடம் என்னவென்று சொல்வேன்?

இருபத்தொன்றாவதில் அவருடைய கட்டைவிரல் நின்றது. ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம், சுற்றிலும் வளர்ந்து மழுங்கிப்போயிருந்தது. "வந்துட்டியா" என்றார். ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

நானே அதை வாங்கி முதுகைத் துண்டால் துடைத்து ஈரம் போகக் காயவைத்தேன். அவர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், மூடி அசையவில்லை. வெந்நீரில் வைத்தோம். கடைசியில் எதிர்வீட்டுக்காரி கட்டிங் பிளேயரால் திருகித் திறந்தாள். உள்ளே எல்லாம் கட்டியாக இறுகிக் கிடந்தது. பிரஷ் அதற்குள் மாட்டிக்கொண்டு முறிந்துவிட்டது.

"செத்த நேரம் இருங்க, முக்குக் கடையில இதே செவப்பு கெடைக்கும். ஓடிப்போய் வாங்கியாந்துருதேன்" என்று செருப்பைத் தேடினேன்.

"வேண்டாம் தாயி" என்றார். "வேற பாட்டில்ல வச்சா அது நான் வச்ச பொட்டால்ல ஆயிரும்."

தொட்டியில் தண்ணீர் ஏறும்வரை அந்த ஆமையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே இறக்கிவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இப்போதும் ஓட்டில் பூசியதைச் சுரண்டத்தான் செய்கிறேன், ஆமைக்கு அதுதான் நல்லது. ஆனால் குச்சியை எடுப்பதற்கு முன்னால், இதை யார் வைத்தது என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகும், உட்கார்ந்து கேட்பேன். அன்றைக்கு அந்தப் பொட்டை எடுக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.