கையோடு வந்த கம்பி

"கம்பியை யாரும் தொட்டுடாதீங்க. பிடிக்கிற மாதிரி நடிச்சாப் போதும்."

படப்பிடிப்பின் முதல் நாள் காலையில் இயக்குநர் எங்களையெல்லாம் நிற்கவைத்துச் சொன்னது இதுதான்.

நான் கலை இயக்குநர். சினிமாவுக்கு செட் போடுவது என் வேலை. சிறையிலிருந்து தப்பிக்கும் ஒரு கைதியின் கதை அது; த்ரில்லர். கையிலிருந்த பட்ஜெட்டில் ஜெயில் செட் போட வழியே இல்லை. பாப்பாரப்பட்டி எனக்குச் சொந்த ஊர் என்பதால், அங்கே மூடிக் கிடந்த ஒரு மாங்கூழ் ஃபேக்டரியை நான்தான் காட்டினேன். உயரமான சுவரும் நீளமான ஒரு வராந்தாவும் இருந்தன. அந்த ஒரே வராந்தாவுக்கு முதலில் சாம்பல் நிறமும், பிறகு பச்சையும் அடித்து இரண்டு பிளாக்காகக் காட்டினோம். அறைக் கம்பிகள் எல்லாம் பிவிசி பைப். கறுப்பு பெயின்ட் அடித்து, மேலும் கீழும் பலகையில் ஓட்டை போட்டுச் செருகியிருந்தேன். கேமராவில் இரும்பு மாதிரியே தெரியும். காற்றடித்தால் ஆடும்.

மாதையன்

கைதிகளாக நிற்க அக்கம்பக்கத்து ஆட்களைத்தான் கூப்பிட்டோம். அவர்களில் ஒருவர் மாதையன். ஐம்பதைத் தாண்டியவர். குத்தகை நிலத்தில் தக்காளி போட்டு, விலையில்லாமல் பறிக்காமலே விட்டிருந்தார்.

வார்டர் விசில் ஊதும் காட்சி. சத்தம் கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்கள் முழித்தார்கள். மாதையன் மட்டும் சட்டென்று சுவரோரம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரியவரே, சூப்பர்! எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் இயக்குநர்.

மாதையன் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"உள்ள இருந்தனுங்க சார். செய்யாத கொலைக்கு. ஜாமீன் எடுக்க ஆளில்ல, கேஸு முடியற வரைக்கும் உள்ளதான். கடைசில குத்தமில்லன்னு வுட்டுட்டாங்க. ஆனா அதுக்கப்பறம் எங்க ஊர்ல இருக்க முடியல. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமுங்க எங்களுக்கு. வூட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்துட்டோம்."

"அப்புறம் எதுக்குங்க மறுபடியும் இந்த வேஷம்?"

"கூலி கெடைக்குதே. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்கேன். மாப்பிள்ள அதியமான்கோட்டை. அவங்களுக்கு இந்தச் சேதி தெரியாது. நீங்களும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை.

மறுநாள், கைதிகளைச் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும் காட்சி. முன்னால் கதாநாயகனும் அவன் மனைவியும். பின்னால் மாதையன்; அவருக்கு எதிரே மகளாக நடிக்க ஒரு துணை நடிகை. கேமரா ஓடியது. அந்தப் பெண்ணுக்கு வசனம் கிடையாது. அவளாகவே "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள். மாதையன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். பைப் கழன்று கையோடு வந்துவிட்டது.

எல்லோரும் சிரித்தோம். கதாநாயகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விளம்பர வேலைக்கு வந்திருந்தவர் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். மாதையன் மட்டும் பைப்பைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். முகமெல்லாம் வியர்வை. நான் போய்த்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

ஓடாத படம்

படம் வெளியாகி தருமபுரியில் நான் பார்த்தபோது தியேட்டரில் பாதி சீட் காலி. பத்துப் பதினைந்து கைதிகளையே திருப்பித் திருப்பிக் காட்டியது, பச்சை பெயின்ட்டுக்கு அடியில் சாம்பல் தெரிந்தது, வார்டரின் நீளமான தலைமுடி, கதாநாயகன் ஏறும்போது ஆடிய சுவர் என்று விமர்சனங்களில் அடுக்கியிருந்தார்கள். எல்லாமே நியாயம்தான்.

படம் ஓடவில்லை. பைப் கழன்ற அந்த வீடியோ இன்டர்நெட்டில் ஓடியது. சிரிப்புச் சத்தம் சேர்த்து, படத்தின் விளம்பரமாகவே போட்டிருந்தார்கள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'இவன் எங்க ஊரான்தான். கொலை கேஸ்ல நெஜமாவே ஜெயில்ல இருந்தவன்.'

இயக்குநருக்கு போன் செய்து அதை எடுத்துவிடச் சொன்னேன்.

"படத்துக்கு வந்த ஒரே பப்ளிசிட்டி அதுதான் சார். ட்ரெய்லரைவிட அதைத்தான் பாக்கறாங்க" என்றார். காரணத்தைச் சொன்னதும் அன்றைக்கே எடுத்துவிட்டார். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

மாதையன் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. மகள் ரேவதிதான் வாசலில் நின்று பேசினாள்.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க சார். அப்பா ரெண்டு நாளா சாப்பிடல."

"அவர் மேல குற்றமில்லைன்னு தீர்ப்பு இருக்கேம்மா. நான் வேணா போய் எடுத்துச் சொல்லட்டுமா?"

"நாங்க சொல்லிப் பாத்துட்டோமுங்க. அவரு ஜெயில்லருந்து வெளிய வந்த அன்னிக்கு ஒருத்தர்கூட வந்து கேக்கல. தனியா பஸ் ஏறி வந்தாரு. இப்ப ஒரு பைப்பு கழண்டதை ஊரே பாக்குது."

உள்ளே கயிற்றுக் கட்டில் அசையும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இன்றும் சின்ன பட்ஜெட் படங்களுக்குத்தான் வேலை செய்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்வேன். சுவரை அட்டையில் செய்யுங்கள், பத்துப் பேரை நூறு பேராகக் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் கூலிக்கு வந்து நிற்கும் ஒருவர் தடுமாறும்போது செல்போனைத் தூக்க யாரையும் விடாதீர்கள். அவர் எதைத் தாண்டி அங்கே வந்து நிற்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

அவர்கள் எங்கள் ஊரில் இருந்தவரை ரேவதிக்கு வேறு வரன் அமையவில்லை. மாதையன் அந்தக் குத்தகை நிலத்தையும் விட்டுவிட்டு, குடும்பத்தோடு வேறு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை.