ஒரு சாண் ஆழத்தில் அப்பா

அப்பாவை ஊரில் 'ரசமட்டம்' என்றுதான் சொல்வார்கள். கொத்தனாராகத் தொடங்கி, சொந்தமாக வேலை எடுத்து வீடு கட்டித் தருபவரான பிறகும் மட்டம் பார்க்கும் அந்தக் கருவி அவர் கையை விட்டு இறங்கவில்லை. எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு நூல் சாய்ந்துவிட்டது என்று, பூச்சு காய்வதற்குள் இடித்தார்.

"ஒரு நூலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? என் தலை நரைச்சா அதையும் இடிச்சுக் கட்டுவீங்களா?" என்றாள் அம்மா.

பிறகு குடிநீர் வாரியத்தில் உறுப்பினரானார். சாகும்வரை இருந்தார். குழாய் இல்லாத தெருக்களுக்காகக் கூட்டத்தில் மேசையைத் தட்டுவார் என்று பெயர். புதிய நீர்த்தொட்டிக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக, சாவுக்கு வந்த வாரியத் தலைவர் சொன்னார். குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். தம்பி உடனே தலையாட்டினான். நானும் ஆட்டியிருப்பேன்.

ஆனால் அன்று பின்தெருத் தையல்காரம்மா எங்கள் வாசல் குழாயில் கை கழுவினார். கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்க எப்பவும் இப்படித்தான் கொட்டுமா, கண்ணு?"

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. எங்க தெருவுல தண்ணி வர்றதுக்குள்ள குடம் கொட்டாவி விட்டுடும்."

ஆலைகளில் பம்பு பொருத்துவது என் வேலை. அழுத்தமானி பையிலேயே இருக்கும். மறுநாள் தண்ணீர் விடும் நேரத்தில் எங்கள் குழாயில் மாட்டினேன். இரண்டரை காட்டியது. தையல்காரம்மா வீட்டில் அரைகூட இல்லை. இரண்டு தெருவும் ஒரே உயரம். ஒரே பெரிய குழாயிலிருந்துதான் பிரிகின்றன. நடுவில் யாரோ எதையோ அடைத்திருக்க வேண்டும்.

எங்களுக்காக அப்பா தண்ணீரைத் திருப்பிவிட்டாரா?

"அவர் போய் ஒரு வாரம்கூட ஆகல. அதுக்குள்ள விசாரணைக் கமிஷனா, அக்கா?" என்றான் தம்பி.

வால்வு திறப்பவரைத் தேடிப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பின்தெருவுக்குப் பாதிதாம்மா திறப்பேன். ஐயா சொன்னது."

"எங்க வீட்டுக்கு நிறைய வரட்டும்னா?"

"சேச்சே. முழுசாத் திறந்தா அந்தக் குழாய் வெடிச்சிரும்னாரு."

"அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவர் போட்ட குழாய்தானேம்மா. வாரியத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்த காண்ட்ராக்ட் வேலை."

கடப்பாரையை அவரே கொண்டுவந்தார். பின்தெரு முனையில் ஒரு சாண் தோண்டியதும் குழாய் தட்டியது. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டியது. அடியில் பாறை. அதை உடைக்காமல் அதன் மேலேயே குழாயைப் படுக்கவைத்து மூடியிருந்தார் அப்பா. லாரிகள் ஏறி ஏறிக் குழாய் நசுங்கியிருந்தது.

ஒரு நூலுக்காகச் சுவரை இடித்தவர்.

பின்தெருவைப் பற்றி மட்டும் அவர் கூட்டத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லையாம். பேசியிருந்தால் தோண்டியிருப்பார்கள்.

தையல்காரம்மாவிடம் சொன்னேன். தையல் மெஷின் நின்றது.

"என் வீட்டுச் சுவத்து விரிசலைக் காசு வாங்காம பூசிக் கொடுத்தாரு. தங்கமான மனுஷன்னு பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் சொன்னேன். அது எதுக்குன்னு இப்ப யோசிக்க வச்சிட்டியே."

எனக்கும் அதே கதிதான். பூச்சைத் தட்டிப் பார்ப்பதுபோல, அவர் செய்த ஒவ்வொரு நல்லதையும் தட்டிப் பார்க்கிறேன், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கிறதா என்று.

வாரியத் தலைவரிடம் சம்மதம் இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். பின்தெருவைத் தோண்டச் சொன்னேன். தம்பி என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

தோண்டும்போது போய் நின்றேன். பாறை தட்டியதும் மேற்பார்வையாளர் வந்தார்.

"கருங்கல் மாதிரி இருக்கும்மா. இதோட போதும். மேல மண்ணைத் தள்ளிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அப்பாவும் இதே இடத்தில் நின்றிருப்பார். அவரிடம் யாராவது இதைச் சொன்னார்களா, அவரே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

"உடைங்க" என்றேன்.

அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடி ஜன்னல் தெரியும். முதல் அடி விழுந்ததும் தம்பி அதைச் சாத்தினான்.