செப்பில் அரைப்பங்கு இல்லை

அஸீபா அக்கா விஞ்ஞானத்தில் இரண்டாம் தடவையும் கோட்டை விட்டதற்கு நான்தான் காரணம். எங்கே கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

எருக்கலம்பிட்டிக்காரியான அவரும் பேசாலைக்காரியான நானும் நண்டு உடைக்கும் கொம்பனியில் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். பாடசாலை ஆய்வுகூட உதவியாளராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்குச் சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைய வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். சின்ன வயதில் அகதியாய்ப் போன புத்தளம் முகாமில் படிப்பை விட்டவருக்கு அப்போதே நாற்பத்து மூன்று.

அந்த இரண்டாம் தடவைப் பரீட்சைக்கு முதல்நாள் தேத்தண்ணீர் நேரத்தில் கேட்டார்:

"செப்பின்ர அணுத்திணிவு 63.5. புரோத்தன் 29. கழிச்சா 34.5 நியூத்திரன் வருது. அரை நியூத்திரன் எப்பிடியடி இருக்கும்?"

"ஏன் இருக்காது? மீன்பிடி போட்டில புதுசா ஏறினவனுக்கு மீனில அரைப்பங்குதானே? செப்பிலயும் புதுசா வந்த நியூத்திரனுக்கு அரைப்பங்கு போல."

என் வாயை என்ன செய்வது! பகிடிக்குச் சொன்னதை மனுசி அப்படியே எழுதிவிட்டு வந்தார். முடிவு W, அதாவது பெயில். அடுத்த தடவைதான் கடைசி.

மேற்பார்வையாளர் மில்ரன் ஒவ்வொரு கூடையிலும் நாலு நண்டை நிறுத்து, சராசரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பார். ஒருநாள் துண்டில் 160 கிராம். அக்கா அந்த நாலையும் தனித்தனியே தராசில் வைத்தார். மூன்று 150, ஒன்று 190.

"நூற்றறுபதில ஒரு நண்டும் இல்லையே..." என்றவர் அப்படியே நின்றார். பிறகு நாறும் கையுறையோடு என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"அன்ரோனெற், அரை எண்டு ஒண்டுமே இல்லையடி! செப்பில ரெண்டு சாதி அணு. ரெண்டுக்கும் புரோத்தன் இருபத்தொன்பதுதான், அதாலதான் ரெண்டும் செப்பு. நியூத்திரன் மட்டும் ஒண்டில முப்பத்துநாலு, மற்றதில முப்பத்தாறு. அறுபத்துமூண்டும் அறுபத்தைஞ்சும்! கிட்டத்தட்ட நாலில மூண்டு லேசு, ஒண்டு பாரம். 63.5 வெறும் சராசரி! சமதானி, சமதானி எண்டு புத்தகத்தில கிடந்தது இதுதான்!"

கூரையில் ஓடும் செப்புக் கரண்ட் வயரை இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அதற்குள் இத்தனை நாளும் இரண்டு சாதியும் கலந்து கிடந்ததா! மில்ரன் கத்தும்வரை எங்கள் கை ஓடவில்லை.

மூன்றாம் தடவைப் பரீட்சையின் முடிவு வேலை நேரத்தில்தான் வந்தது. அக்கா போனைப் பார்த்தார், ஐஸ் பெட்டிமேல் குந்தினார், ஓவென்று அழுதார்.

மில்ரன் ஓடிவந்தார். "ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எனக்கு விஞ்ஞானம் B! மில்ரன், நாளைக்கு லீவு தாங்கோ. விண்ணப்பம் குடுக்கோணும். பதினொரு நாளில எனக்கு நாற்பத்தஞ்சு."

"நாளைக்கு என்னத்துக்கு? இப்பவே போங்கோ!"

அக்கா அப்படியே வாசலுக்கு ஓடப் பார்த்தார். கையுறையை நான்தான் கழற்றிவிட்டேன்.