விசிலக்கா செய்த ஒரு போன்

விசிலக்காவுக்கு இடது காது கேட்காது. இடது பக்கம் நின்று அவரைப் பற்றி வம்பு பேசினால் தப்பிக்கலாம். வலது பக்கம் நின்று பேசிய ஆளுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். விசில் ஊதி ஊதியே வந்த பெயர் அது. இப்போது டிப்போவில் பஸ் கழுவும் ஆட்களுக்கு மேற்பார்வை.

காது எப்படிப் போனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்பு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எவனோ ஒரு பாவி ஒரு பையை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அது வெடித்தபோது அக்கா பின்வாசல் படியில் நின்றிருந்தார். அவரோடு பதினோரு வருஷம் ஓட்டிய டிரைவரும் ஆறு பயணிகளும் அங்கேயே போய்விட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், “நல்ல நேரம், நீங்க தப்பிச்சீங்க” என்றார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அவரு சாப்பாட்டு டப்பா என் கையில இருந்துச்சு. அத அவரு வீட்டுல கொண்டுபோய்க் குடுத்தேன் பாருங்க, அது என்ன நல்ல நேரம்?” என்று கேட்பார்.

போன வருஷம் அகதிகள் வந்தார்கள். நாற்பது குடும்பம். பழைய மாணவர் விடுதியில் தங்கவைத்தார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. டிப்போவின் டீ ரூமில் மட்டும் என்ன குறைச்சல்? பெரிய டிரைவர் என்று ஒருவர் உண்டு. உடம்பும் பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு.

“வர்றவன்ல எவன் எப்படின்னு யாருக்குத் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?” என்றார் அவர்.

“உன் நெத்தியில மட்டும் எழுதியிருக்காக்கும்?” என்றார் மெக்கானிக்.

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். காதைக் கொடுத்தவர் அல்லவா, அவர் சொல்வதுதான் எடுபடும். “வரட்டும். பச்சப் புள்ளைங்களோட தெருவுல நிக்கறவங்கள எங்க போகச் சொல்றது? ஆனா என் கண்ணு அவங்க மேலதான் இருக்கும்” என்றார் அக்கா. இரண்டு கட்சிக்கும் அது பிடிக்கவில்லை.

அந்தக் குடும்பங்களில் ஒருவரை அக்காவிடமே வேலைக்கு அனுப்பினார்கள். தன் ஊரில் பெயின்டராக இருந்தவர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பஸ் பின்னால் வரும்போது எல்லாரும் கத்தும் “மெதுவா, மெதுவா”தான் அவர் இங்கே கற்ற முதல் வார்த்தை. வணக்கத்துக்கும் மெதுவா, நன்றிக்கும் மெதுவா. அதுவே பெயராகிவிட்டது.

மெதுவாவின் வேலையில் குறை சொல்ல முடியாது. தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குச்சியில் கட்டிய கண்ணாடியை விட்டுப் பார்க்க வேண்டும். அந்த வெடிப்புக்குப் பிறகு வந்த விதி. மற்றவர்கள் பேருக்கு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்குவார்கள். அவர் இரண்டு முறை பார்ப்பார். அவர் இறங்கியதும் அக்கா ஏறி மூன்றாவது முறை பார்ப்பார். அது அவருக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைத்து அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். அக்காவின் கைப்பை வார் அறுந்தபோது அவர் மனைவி அதை வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொடுத்தாள். இழுத்தால் கை அறுந்தாலும் அறுமே தவிர வார் அறாது, அப்படி ஒரு தையல்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் துடைப்பானின் கட்டை முறிந்துவிட்டது. வேறு கட்டை தேடி அக்கா ஸ்டோர் ரூம் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தார். யாரும் திறக்காத அலமாரி. போன வாரம்தான் மெதுவா அதன் சாவியை அக்காவிடம் கேட்டு வாங்கி, மறுநாள் திருப்பிக் கொடுத்திருந்தார். உள்ளே சாக்கு விரித்து மூடியிருந்தது. தூக்கினார். வரிசை வரிசையாக பாட்டில்கள், நாற்பது இருக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது.

சாக்கை அப்படியே போட்டுவிட்டு அக்கா வெளியே வந்தார். கேட் வரைக்கும் ஓடி, அங்கிருந்த டிப்போ போனிலிருந்து, சந்தேகமாக எதையாவது பார்த்தால் கூப்பிடச் சொல்லி ஒட்டியிருந்த போலீஸ் நோட்டீஸின் எண்ணுக்கு போன் போட்டார். “புதுசா வந்த அகதி ஆளு, பாட்டில்ல என்னமோ ரொப்பி வெச்சிருக்கான். சீக்கிரம் வாங்க.” பேர் கேட்டார்கள். “என் பேரு எதுக்கு உங்களுக்கு? வாங்க முதல்ல” என்று வைத்துவிட்டார்.

போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். டிப்போ முழுக்கக் காலி செய்தார்கள். மெதுவா ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்வதற்கு முன்பே மண்டியிட்டு, நுரைக் கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பழகின கை. கேட்டுக்கு வெளியே நின்ற அக்கா அதைப் பார்த்தார்.

பாட்டிலில் இருந்தது என்ன தெரியுமா? தண்ணீர். வெறும் தண்ணீர். அவர் ஊரில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். எந்தப் பாட்டில் கிடைத்தாலும் அதில் ரொப்பி, புழு வைக்காமலிருக்க இரண்டு சொட்டு பிளீச்சிங் விட்டு வைப்பார்கள். இங்கே குழாயைத் திருகினால் கொட்டுகிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பஸ்ஸில் தினமும் அத்தனை பாட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. விடுதியில் மனைவி இடமில்லை என்று திட்டியதால் டிப்போவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மூன்று நாள் பிடித்துவைத்து விசாரித்து அவரை விட்டுவிட்டார்கள். விட்டது சரி, வினை அதோடு முடியவில்லை. குடும்பம் இங்கே தங்குவதற்கான அனுமதி விசாரணை அடுத்த திங்கட்கிழமை. போலீஸ் ஏட்டில் புகார் அப்படியே நிற்கிறது. போன் செய்தவர் நேரில் வந்து நடந்ததைச் சொன்னால்தான் அதை முடித்துவைப்பார்கள். இல்லையென்றால் நால்வரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலாளர் எல்லாரையும் கூட்டி, யார் செய்தது என்று கேட்டார். எல்லார் கண்ணும் பெரிய டிரைவர் மேல்.

மனுஷன் துடித்துப்போனார். “என் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல. நான் மூஞ்சிக்கு நேரா திட்டறவன்யா. மறைஞ்சு நின்னு போன் பண்ற ஆளா நான்?”

அக்கா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. பெரிய டிரைவரோடு யாரும் சேர்ந்து டீ குடிப்பதில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் கேட்டார், “நீ பயந்துதான பண்ண? பயந்தது ஒரு தப்பா?”

“பயந்தது தப்பில்லங்க. ஆறு மாசம் எனக்குக் கண்ணாடியத் தொடச்சிக் குடுத்த மனுஷன, பேரு கூட சொல்லாம ‘அகதி ஆளு’ன்னு சொன்னேனே. இப்ப இன்னொருத்தர் அந்தப் பழிய சுமக்கறாரு, நானும் பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

திங்கட்கிழமை காலை விசாரணை அறைக்குப் போனார். ஒரு நீள மேஜை, சுற்றாத ஒரு மின்விசிறி, சுவரோரம் பெஞ்சு. பெஞ்சில் மெதுவா, அவர் மனைவி, நடுவில் இரண்டு குழந்தைகள். அக்கா அவர்களைப் பார்க்காமல் நேராக அதிகாரியிடம் போய், “போன் பண்ணது நான்தாங்க” என்றார். டேப், வாடை, அந்தப் பழைய பஸ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இப்பவும் பயம் இருக்காம்மா?”

“இருக்குங்க. ஏன் பொய் சொல்லணும்? இவங்கள அனுப்பிட்டா மட்டும் அது போயிடுமா? பைய வெச்சவன் யாருன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. இவரு யாருன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸ என்னைவிட நல்லாப் பாக்கறவரு.”

புகாரை முடித்தார்கள். அனுமதியில் முத்திரை விழுந்தது. மெதுவாவின் மனைவி அக்காவைக் கடந்து போகும்போது நிற்கவில்லை, குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? மெதுவா மட்டும் நின்றார், அக்காவின் வலது பக்கமாக வந்து.

“என்னை நாலு வார்த்தை திட்டிடு தம்பி” என்றார் அக்கா.

“கோவம் இருக்கு அக்கா. சின்னவ மூணு நாள் சாப்பிடல. அது இருக்கு.” அவர் வார்த்தைகளைத் தேடித் தேடி அடுக்கினார். “எங்க ஊர்ல ஒரு துணிக்கடை. வாசல்ல ஒரு பை. எல்லாரும் பாத்தாங்க. என் தம்பியும் பாத்தான். யாரும் யாரையும் கூப்பிடல. கூப்பிட்டா, கூப்பிட்டவனத்தான் பிடிப்பாங்க. என் தம்பி கடைக்குள்ள போனான்.”

அக்கா வலது காதை அவர் பக்கம் இன்னும் நன்றாகத் திருப்பினார்.

“இங்க நீங்க கூப்பிட்டீங்க. வந்தாங்க. திறந்து பாத்தாங்க. தண்ணின்னா, தண்ணின்னு எழுதினாங்க. இன்னைக்கு நீங்க வந்து, நான்தான்னு சொன்னீங்க. உங்களையும் யாரும் பிடிக்கல.” கையிலிருந்த அனுமதித் தாளைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். “என் பொண்ணுங்க இந்த ஊர்ல வளரப் போறாங்க. ரொம்ப நன்றி அக்கா.”

நன்றி என்ற வார்த்தையை அவர் சரியான இடத்தில் சொல்லி அக்கா கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனார். டீ ரூமில் பெரிய டிரைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார், “அந்த போனைப் பண்ணது நான்.”