அப்பா அட்டை போட்ட புத்தகம்

பழுப்புத் தாளில் அட்டை போட்ட தடித்த புத்தகம் அது. மேலே அண்ணனின் பெயர், அப்பாவின் கையெழுத்தில். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டின் கேட்டில் இருபத்தாறு வருடம் சரக்குப் பெட்டிகளின் எண்களை நோட்டில் எழுதிய கை. ஓர் எழுத்துகூட அடுத்ததன்மேல் சாயாது. உள்ளே இருந்தது வணிகத் தகவல் அமைப்புகள் பற்றிய பாடம். மூர் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அப்பாவே வாங்கி வந்தார்.

அண்ணன் ஆசைப்பட்டுப் படித்தது வேறு: வீடியோவைச் சுருக்கும் தொழில்நுட்பம். கல்லூரி நூலகத்தில் அதற்கு ஒரே ஒரு புத்தகம்தான். கல்மண்டபம் பக்கத்துக் கடையில் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தான். டிவியில் செய்தி ஓடும்போது எனக்குக் காட்டுவான். "பின்னாடி கீற திரைய பாரு. மாறவே இல்லல்ல? அத்த எதுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பணும்? வாய் அசையுது பாரு, அத்த மட்டும் அனுப்பினா போதும்." அப்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

அவன் படித்து முடித்த வருடம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. கைக்கு வந்த வேலையை முதலில் தள்ளிப்போட்டார்கள், பிறகு இல்லை என்றே கடிதம் வந்தது. எட்டு மாதம் வீட்டில் சுருண்டு கிடந்தான். அப்பாதான் யார்டு மேனேஜரிடம் போய் நின்றார். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, பையன் இதைப் படித்துவிட்டு வரட்டும் என்று மேனேஜர் ஒரு துண்டுத்தாளில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் வேலையில் சேர்ந்தான். அப்பாவும் அவனும் ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். லாரி உள்ளே வந்தால் முதலில் எதைப் பார்ப்பது, எந்தப் பெட்டியை எந்த வரிசையில் இறக்குவது என்று மாலையில் அப்பா சொல்லச் சொல்ல அண்ணன் குறித்துக்கொள்வான். அதிகம் பேசாத அப்பா அந்த மாதங்களில் ஓயாமல் பேசினார். அவருடைய வேலையைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அவர் சொன்னதெல்லாம் அண்ணனின் புரோகிராமில் ஏறியது. ஒரே வருடத்தில், கேட்டில் ஒரு கம்ப்யூட்டரும் ஓர் ஆளும் போதும் என்றாகிவிட்டது. மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, நிறுத்தப்போகும் ஐந்து பேரின் பட்டியலை டைப் செய்யச் சொன்னார். மூன்றாவது பெயர் அப்பாவுடையது. அன்று மாலை மொட்டைமாடியில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் சொன்னான். "என் வாயால எப்டி சொல்றது?" நான் சொல்லட்டுமா என்றதும், வேண்டாம் என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நான்கு நாள் அப்பாவோடு அதே பஸ்ஸில் போனான். ஐந்தாம் நாள் கேட்டிலேயே அப்பாவிடம் கடிதம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணனிடம் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா நைனா?"

"தெரியாதுப்பா."

"செரி. உன் வேல கீதில்ல, அது போதும். போய் துன்னு."

அப்பா பிறகு எங்கும் வேலைக்குப் போகவில்லை. காலையில் வழக்கம்போல் குளித்து, சட்டை மாட்டி வாசலில் நிற்பார். அண்ணன் தெருமுனையைத் தாண்டியதும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றிவிடுவார். இரண்டு வருடம் கழித்து அண்ணனுக்குப் பெங்களூரில் அவன் விரும்பிய வேலையே கிடைத்தது. பொங்கலுக்கு வந்தாலும் அப்பாவின் எதிரில் உட்காரமாட்டான்.

நுரையீரல் கெட்டு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் மட்டும் இருந்த ஒரு பகலில் சொன்னார்: "அன்னிக்கு அவன் பொய் சொன்னான்மா. நாலு நாளா பஸ்ல என் மூஞ்சிய பாக்கல. அப்பவே தெரிஞ்சிடுச்சு, இன்னாவோ கீதுன்னு. பாவம், அவன் இன்னா பண்ணுவான்? நான் சொன்னேன்னு அவனாண்ட சொல்லாத."

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் கேட்டான், "அப்பாக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது" என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் அழைக்கிறான். அப்பாவைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அப்பா கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அவர் அவனை அன்றைக்கே மன்னித்துவிட்டார் என்பதும் அதோடு சேர்ந்து என்னிடமே தங்கிவிட்டது.