கட்டுத்துணி நெய்தவர் பார்த்த சண்டைப்படம்

ராஜபாளையத்தில் நான் பஸ் ஏறியபோது பக்கத்துச் சீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பஞ்சு ஒட்டியதுபோல் நரைத்த மீசை. பேண்டேஜ் துணி நெய்தவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. மகள் பிடிவாதமாகச் சொல்லி, போன மாதம்தான் வேலையை விட்டாராம். இனி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டோடுதான்.

அவர் செல்போனில், கொலைத்தொழிலை விட்ட ஒருவனைப் பற்றிய இங்கிலீஷ் படம், மூன்றாம் பாகம், பஸ்ஸே கேட்க ஓடியது. சண்டைகளைத் தள்ளிவிட்டு, அவன் காயத்துக்குக் கட்டுப்போடும் இடங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தார்.

“தொழில விட்டேன்னுதான் சொல்லுதான். ஒவ்வொரு பாகத்துலயும் கூப்பிட்டதும் கெளம்பிருதான். கோட்டிக்காரப் பய.”

அப்போது தறி முதலாளி அழைத்தார். இருமுறை அழைப்பைத் துண்டித்த பெரியவர், அடுத்த முறை எடுத்து, “சரி, வாரேன்” என்றார். துணிப்பையை எடுத்துக்கொண்டு, தறிக்குத் திரும்ப வழியிலேயே இறங்க எழுந்தார்.

காதருகே குனிந்து கேட்டேன்: “கூப்பிட்டதும் கெளம்புறவன் கிறுக்கன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி?”

சிரித்தார். “இம்புட்டுப் பேரு அடிபடுதாங்க. கட்டுத்துணி நெய்ய ஆளு வேணும்ல?”

அடுத்த பாகத்தை நான் வீட்டில் பார்த்தேன். அவன் மறுபடி கிளம்பிய இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். அன்று அவர் மகளிடம் என்ன சொல்லியிருப்பார்?