அத்தை பேரில் இருந்த போன்

நம் காலத்திலேயே காணாமல் போகப்போகும் பொருள்கள் என்று யாரோ பட்டியல் போட்டிருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி அதை அனுப்பியிருந்தான். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், செக் புத்தகம் என்று போகிற அந்தப் பட்டியலில் முதல் இடம் வீட்டு டெலிபோனுக்கு. பக்கத்தில் கண்ணீர் விடுகிற பொம்மை வேறு. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போட்டு அனுப்பியது மாதிரி இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் அந்த டெலிபோன் இன்னும் இருக்கிறது. சந்தன நிறம், பட்டன்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கும். அதன்மேல் அத்தை பின்னிப்போட்ட நூல் துணி. வெளியிலிருந்து வருகிற கம்பி மாறிவிட்டது, இப்போது கண்ணாடி இழையாம். போன் அதேதான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "இது இன்னும் வேலை செய்யுதா?" என்று கேட்பார்கள். ரிசீவரை எடுத்து அவர்கள் காதில் வைத்துவிடுவேன். அந்த நீளமான ஒலியைக் கேட்டதும் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் நான்காம் வகுப்பு படித்த வருஷத்துக்குப் போக வேண்டும்.

அப்போது எங்கள் வீடு திருவானைக்காவலில். அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா தவறிவிட, பிள்ளை குட்டி இல்லாத அத்தை பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். பிறகு எங்களோடேயே இருந்தாள். வீடு அப்பா பேரில், கேஸ் அப்பா பேரில், கரண்ட் அப்பா பேரில். ரேஷன் கார்டில் எனக்கும் தம்பிக்கும் கீழே கடைசி வரியில் அத்தை இருந்தாள். லால்குடிப் பக்கம் இருந்த வயல் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும். போன் மட்டும் அத்தை பேரில் இருந்தது. பில் வந்தால் தபால்காரர் வாசலில் நின்று அத்தையின் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அடுப்பில் எது கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அத்தையே போய் வாங்குவாள். அம்மா வாங்கி வைத்தால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

போன் விஷயத்தில் அத்தை வைத்ததுதான் சட்டம். முதல் மணியிலேயே எடுக்கக் கூடாது. நாம் வேலைவெட்டி இல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களாம். மூன்று மணி அடிக்க விட்டு, கொஞ்சம் செருமிக்கொண்டு, எங்கள் நம்பரை இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் "யாரு பேசறது?" என்பாள். தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டில்தான் போன் வரும். துபாயில் மகன் இருந்த மாடி வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிடுவார். அவரை எங்கே உட்கார வைப்பது, எப்போது ரிசீவரைக் கொடுப்பது, அழுதால் எப்போது தண்ணீர் கொடுப்பது எல்லாம் அத்தை தீர்மானம். ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவருவது என் வேலை. அந்தக் கூடத்தில் அத்தை கலெக்டர் என்றால் நான் டவாலி.

பிறகு செல்போன் வந்தது. முதலில் அப்பா வாங்கினார், அடுத்து மாடி வீட்டு அம்மாவுக்கு மகன் வாங்கி அனுப்பினான். வெள்ளிக்கிழமைகளில் கூடம் காலியாகக் கிடந்தது. "தெருவுல நின்னு கத்திப் பேசுற சாமானுக்குப் பேரு போனா? மானம் போவுது" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் செல்போன் அடித்தால், அடிக்கிறது என்று சொல்லக்கூட மாட்டாள்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். மறுநாளிலிருந்து எங்கள் போன் ஊமையாகிவிட்டது. அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். "நல்லதாப் போச்சுக்கா. யாரு பேசுறா இதுல? சரண்டர் பண்ணிடலாம்" என்றார். திருப்பி ஒப்படைப்பதற்கு எங்கள் ஊரில் சரண்டர் என்றுதான் சொல்வோம். அத்தை பேரில் இருந்ததால் அத்தை கையெழுத்துப் போட்டால்தான் ஒப்படைக்க முடியும். "லைன் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள்.

லைன் வரவில்லை. புகார் சொல்லி அலுத்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் அத்தை போனைச் சுவரிலிருந்து கழற்றினாள். துண்டில் சுற்றி, பச்சை ஒயர் கூடையில் வைத்து, மேலே எலுமிச்சை சாதப் பொட்டலத்தையும் வைத்தாள். அம்மா பார்த்துவிட்டு, "அண்ணி, போனை எங்க எடுத்துட்டுப் போறீங்க? புகார் சொன்னா போதாதா?" என்றாள். "ஆளைக் காட்டாம வியாதி எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "இதுக்கும் டிக்கெட் போடணுமா பெரியம்மா?" என்று கேட்டார். "பேசுச்சுன்னா போடுங்க" என்றாள் அத்தை. காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

டெலிபோன் ஆபீஸில் புகார் வாங்குகிற மேஜையில் இருந்தவர், கூடையிலிருந்து போன் வெளியே வந்ததைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"என்னம்மா, போனைத் தூக்கிக்கிட்டே வந்துட்டீங்க?"

"பேச மாட்டேங்குது. பாருங்க."

பாவம், நல்ல மனிதர். தன் மேஜை போனைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியை எங்கள் போனில் செருகினார். ரிசீவரை எடுத்ததும் அந்த நீளமான ஒலி கணீரென்று கேட்டது. அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வெளியூரில் படிக்கிற பிள்ளை பரீட்சையில் பாஸ் என்று கேட்ட மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, போன்ல ஒண்ணுமில்ல. ரோட்டைத் தோண்டுனப்ப கேபிள் போயிருக்கும்."

"கேபிளைத் தூக்க முடிஞ்சிருந்தா அதையும்தான் கொண்டாந்திருப்பேன்."

அவர் அலுப்போடு கையை நீட்டி அடுத்த மேஜையைக் காட்டினார். அங்கே நல்ல கூட்டம். "எல்லாரும் சரண்டர் பண்ண வந்தவங்கம்மா. இனிமே யாருக்கு வேணும் இது? நீங்களும் குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

"அவங்க குடுக்கட்டும். நான் குடுக்க வரல. லைன்மேன் கிளம்புற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சொன்னபடியே மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்து போய்விட்டார். போகிற அவசரத்தில் தன் போனை மறுபடி மாட்ட மறந்துவிட்டார். மேஜையில் இருந்தது எங்கள் போன்.

நாங்கள் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தபோது அது அடித்தது. அத்தை கையைத் துடைத்தாள். மூன்று மணி அடிக்க விட்டாள். செருமினாள். பழக்க தோஷத்தில் எங்கள் வீட்டு நம்பரைச் சொல்லிவிட்டு, "யாரு பேசறது?" என்றாள்.

உறையூரிலிருந்து யாரோ கத்தியது எனக்கே கேட்டது. "கத்தாதீங்க. கத்துனா கம்பி ஒட்டிக்குமா? எந்தத் தெரு? எத்தனை நாளா? சரி, அவரு சாப்பிடப் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன். நீங்க சாப்டாச்சா?" என்றாள் அத்தை. வைத்ததும் மறுபடி மணி. இந்த முறை ஒரு டீச்சர். அதற்கடுத்து அரிசி மண்டிக்காரர். அத்தை ஒருவரிடமும் எரிந்து விழவில்லை. எந்த வீட்டில் பிரசவத்துக்குப் பெண் வந்திருக்கிறாள், யாருக்கு அவசரம், யார் ஒருநாள் பொறுக்கலாம் என்றெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டாள். சரண்டர் வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள்.

மேஜைக்காரர் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். அத்தை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "உறையூர்ல பிரசவத்துக்குப் பொண்ணு வந்திருக்கு, அங்க மொதல்ல அனுப்புங்க. டீச்சரம்மா திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துப்பாங்க. மண்டிக்காரர் பொறுக்க மாட்டாரு. அப்புறம் திருவானைக்கால்ல ஒரு பொம்பளை. அது கொஞ்சம் பிடிவாதம் புடிச்சது. லைன் வர்ற வரைக்கும் தெனம் போனைத் தூக்கிட்டு வந்து நிக்குமாம்."

மேஜைக்காரர் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். ஆபீஸே சிரித்தது. வரிசையில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், கையிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நாளை மறுநாள் ஆள் வரும் என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். திரும்பும்போது அத்தை கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் எனக்கு இடம் கொடுத்தாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே சரண்டர் தாளோடு வந்தார். எல்லாவற்றையும் அவரே நிரப்பியிருந்தார். அத்தை காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தாளை வைத்து, மேலே பேனாவையும் மூடி திறந்து வைத்தார்.

"ஆபீஸ் வரைக்கும் போயி மானத்தை வாங்கணுமாக்கா? ஒரு கையெழுத்துதானே. போட்டுக் குடு."

அத்தை டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"லால்குடியிலயும் இதேதான் தம்பி சொன்னீங்க. ஒரு கையெழுத்துதானேன்னு."

அப்பா டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து, நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். அப்பா பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். அந்தத் தாளின் பின்பக்கம் மறுநாள் எனக்குப் படம் வரையக் கிடைத்தது.

திங்கட்கிழமை லைன்மேன் வந்தபோது அப்பா அரைநாள் லீவு போட்டிருந்தார். லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலையை முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். போன் அடித்தது. அப்பா வாசலிலிருந்தே, "அக்கா, எடு எடு" என்று கத்தினார். அத்தை மூன்று மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தாள்.

எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. அப்பன் சொத்தைப் பிரிக்கும்போது பெண் பிள்ளைகளை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், எனக்கு இதில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்கு அழகாகப் பேர். யாருக்கு விடுதலை என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கூடப்பிறந்த பாசம் இல்லாதவள் என்று ஆகிவிடும். லால்குடியில் அத்தையும் போட்டாள். மாமா போன மறுவருஷம், திரும்பி வந்து நிற்க ஒரு வாசல் வேண்டுமே என்று போட்டாள். அதற்கு அடுத்து அப்பா மனது கேட்காமல் அவள் பேரில் எழுதிப்போட்டுக் காத்திருந்து வாங்கிக்கொடுத்ததுதான் அந்த போன். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். கடைசிக் காலத்தில் அத்தை தானாகக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டது ஒரே தாளில். இணைப்பை என் பேருக்கு மாற்றுகிற தாள் அது.

ஆகவே பட்டியல் போடுகிறவர்கள் போடட்டும். என் வீட்டில் அது போகாது. தம்பிக்கும் அப்படியே பதில் கொடுத்தேன், செல்போனில் இல்லை, அந்த போனிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னேன்.

ஆனால் நான்காம் வகுப்பில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. லால்குடியிலும் அத்தைக்கு ஒரு போன் இருந்திருக்கிறது, அதையும் இப்படித்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிடுங்கிவிட்டார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பொங்கலுக்கு எல்லோரும் பாசஞ்சர் ரயிலில் ஊருக்குப் போனோம். லால்குடி நெருங்கியதும் எங்கள் வயல் வந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உங்க பழைய போன் எங்க இருந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டேன். எதிரே இருந்த அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை சிரித்துக்கொண்டே, என் தலைக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"அதோ, அந்த வாய்க்கால்லேர்ந்து அந்த ரெண்டு தென்னை நிக்குதே, அது வரைக்கும்."

கதிர் முற்றி மஞ்சளாகக் கிடந்த அந்த இடம் முழுவதையும் ரயில் கடந்து முடிக்கிறவரை பார்த்தேன். அவ்வளவு பெரிய போனை எந்தக் கூடையில் வைத்து, எந்த ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்றுதான் எனக்குப் புரியவில்லை.